ஹார்ட் டிஸ்க் மாற்றும்போது தகவல் தொலையாமல் இருக்க: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

நீங்கள் எந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டு இதைப் படிக்க வந்திருந்தாலும், முதலில் ஒன்றைச் செய்யுங்கள். பழைய டிஸ்க்கில் இனி எதையும் எழுதாதீர்கள். ஃபார்மட் வேண்டாம், சரிபார்ப்பு வேண்டாம், "இடம் காலி பண்ணலாம்" என்று பழைய கோப்புகளை அழிப்பதும் வேண்டாம். அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட முடிந்தால் இன்னும் நல்லது. பழைய டிஸ்க் அப்படியே இருக்கிறவரை, புது டிஸ்க்கில் என்ன தவறு நடந்தாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் என் சித்தப்பாவின் கணினிக்கு டிஸ்க் மாற்றிக் கொடுத்தேன். பழையது, புதியது இரண்டும் ஒரே நிறுவனத்தின் 1 டிபி டிஸ்க்குகள். குளோன் செய்யும், அதாவது ஒரு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றில் நகலெடுக்கும், மென்பொருளில் பெயரை மட்டும் பார்த்து மூலத்தையும் இலக்கையும் தேர்ந்தெடுத்தேன். திசை மாறிவிட்டது. காலி டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணை (டிஸ்க்கின் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு), அவருடைய புகைப்படங்கள் இருந்த டிஸ்க்கின் மேல் போய் உட்கார்ந்தது. உடனே மின்சாரத்தை நிறுத்தினேன். வேறொரு கணினியில் அந்த டிஸ்க்கை மாட்டி, டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை வைத்துப் பழைய அட்டவணையைத் தேடிப் பிடித்து மீட்டேன். அட்டவணையைத் தவிர வேறெதன் மேலும் எழுதப்படாமல் இருந்ததால்தான் அது முடிந்தது. சித்தப்பா கோபப்படவில்லை. "படமெல்லாம் இருக்காப்பா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு சீட்டு ஒட்டுகிறேன். "பழையது" அல்லது "புதியது", அதன் கீழே சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள். மென்பொருள் திரையில் அந்த நான்கு இலக்கங்களைப் பார்க்காமல் "தொடங்கு" பொத்தானைத் தொடுவதில்லை. நீங்களும் இதைச் செய்யுங்கள்.

வேலையை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் இன்னும் மூன்று விஷயங்கள். முக்கியமான கோப்புகளை மூன்றாவதாக ஓர் இடத்தில், வெளி டிஸ்க்கிலோ இணையச் சேமிப்பிலோ, தனியாக நகலெடுத்து வையுங்கள். குளோன் என்பது பேக்கப் ஆகாது. நடந்துகொண்டிருக்கும்போது இரண்டு டிஸ்க்குமே ஆபத்தில் இருக்கின்றன. அடுத்து, டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாக, விண்டோஸை முழுதாக மூடுங்கள். சாதாரணமாக "ஷட் டவுன்" கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி கணினியைப் பாதித் தூக்கத்தில்தான் வைக்கிறது. குளோன்ஸில்லா போன்ற லினக்ஸ் கருவிகள் அந்த நிலையில் இருக்கும் பார்ட்டிஷனைத் தொட மறுக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக மூடிவிடும்.

சரி, இனி அறிகுறிகள்.

பழைய டிஸ்க் டிக் டிக் என்கிறது, அல்லது குளோன் ஒரே சதவீதத்தில் நிற்கிறது

எல்லாவற்றிலும் அவசரமானது இது. டிஸ்க்குக்குள் இருக்கும் தலை, தட்டில் இருப்பதைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப ஆரம்ப இடத்துக்குப் போய் வரும் சத்தம்தான் அந்த டிக் டிக். சத்தம் சீராக, விடாமல் வந்தால் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் தட்டின் மேல் கீறல் விழும் வாய்ப்பு கூடுகிறது. அந்தத் தகவலுக்கு வேறு நகல் இல்லை என்றால், அதை வீட்டில் சரிசெய்ய முயலாமல், தூசி இல்லாத சுத்த அறை வைத்திருக்கும் மீட்புச் சேவையிடம் கொடுப்பதுதான் சரி. டிஸ்க்கைத் திறக்காதீர்கள், உறைபெட்டியில் வைக்கச் சொல்லும் பழைய யோசனையையும் கேட்காதீர்கள். உள்ளே ஈரம் படிந்தால் மீட்புச் சேவைக்கும் வேலை இன்னும் கடினமாகும்.

சத்தம் இல்லை, ஆனால் குளோன் ஊர்கிறது என்றால், டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். நான் முதலில் பார்ப்பது மூன்று வரிகளை. 5-ஆம் எண், கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட செக்டர்களின் (தகவல் எழுதப்படும் சிறு கட்டங்களின்) எண்ணிக்கை. 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள். 198, திருத்தவே முடியாதவை. சில மென்பொருள்கள் பின்னிரண்டையும் சி5, சி6 என்று பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணில் காட்டும். 197 பூஜ்ஜியம் இல்லை என்றால் டிஸ்க் நலிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 ஒரு சிறிய எண்ணில் வருடக்கணக்காக அசையாமல் நிற்பது பெரிய கவலை இல்லை. நேற்று 8, இன்று 40 என்று ஏறுவதுதான் கவலை.

இந்த நிலையில் பலர் செய்யும் தவறு, முதலில் செக்டிஸ்க் ஓட்டிப் "பழுது பார்த்துவிட்டு" குளோன் செய்யலாம் என்று நினைப்பது. செக்டிஸ்க் கோப்பு முறைமையைச் சீராக்கும் கருவி. நலிந்த டிஸ்க்கை அது மணிக்கணக்கில் துருவிப் படிக்கும், படிக்க முடியாத இடத்தில் இருந்த கோப்புப் பதிவுகளை வெட்டியும் எறியும். வரிசை இதற்கு நேர் எதிர்: முதலில் நகல், பிறகு நகலின் மேல் பழுதுபார்ப்பு.

நலிந்த டிஸ்க்கிலிருந்து நகலெடுக்க ஏற்ற கருவி ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. லினக்ஸ் லைவ் யுஎஸ்பியிலிருந்து (கணினியில் நிறுவாமல் யுஎஸ்பியிலிருந்தே ஓடும் லினக்ஸ்) ஓட்டலாம். சாதாரணக் குளோன் மென்பொருள் கெட்ட செக்டர் வந்ததும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். டிடிரெஸ்க்யூ அதைத் தாண்டிக் குதித்து, நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும். கடினமான இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். மேப் கோப்பு ஒன்றைக் கொடுத்து ஓட்டுங்கள்; எது முடிந்தது, எது பாக்கி என்று அதில் குறித்துக்கொள்வதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேப் கோப்பு இல்லாமல் ஓட்டினால் இந்தக் கருவியின் பாதிப் பலன் போய்விடும். இதிலும் மூலம் முதலில், இலக்கு இரண்டாவதாக வரும். சீட்டில் எழுதிய நான்கு இலக்கங்களை இங்கேதான் இரண்டு முறை பார்க்க வேண்டும்.

199-ஆம் எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினால் ஏறுவது நின்றுவிடும். பழைய எண்ணிக்கை மட்டும் அப்படியே இருக்கும், அது குறையாது.

புது டிஸ்க் கணினியில் தெரியவே இல்லை

"மை கம்ப்யூட்டர்" திரையில் தெரியவில்லை என்பதும், பயாஸிலேயே (கணினி தொடங்கும்போது விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) தெரியவில்லை என்பதும் வேறு வேறு நோய்கள். முதலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைத் திறந்து பாருங்கள். அங்கே கறுப்புப் பட்டையோடு "அன்அலொகேட்டட்" என்று இருந்தால் எல்லாம் நலம். புது டிஸ்க்கில் பார்ட்டிஷன் இல்லாததால் சி, டி போன்ற எழுத்துப் பெயர் வரவில்லை, அவ்வளவுதான். "இனிஷியலைஸ்" செய்யச் சொல்லிக் கேட்டால், அது புது டிஸ்க்தானா என்று உறுதி செய்துகொண்டு ஜிபிடி வகையைத் (அட்டவணையின் புதிய வகை; பழையது எம்பிஆர்) தேர்ந்தெடுங்கள். பழைய டிஸ்க்கைப் பற்றி அதே கேள்வி வந்தால் ரத்து செய்துவிட்டு அடுத்த பிரிவுக்குப் போங்கள்.

பயாஸிலும் தெரியவில்லை என்றால் வன்பொருளைத்தான் பார்க்க வேண்டும். மேசைக் கணினிக்கான 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும். யுஎஸ்பி தருவது 5 வோல்ட். ஆகவே தனி மின் அடாப்டர் இல்லாத கேபிளில் அது சுற்றவே சுற்றாது. 2.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும். ஆனால் சுழலும் வகை முதலில் கிளம்பும்போது அதிக மின்னோட்டம் இழுக்கும், யுஎஸ்பி 2.0 துறை 500 மில்லிஆம்பியர்தான் உறுதியாகத் தரும், யுஎஸ்பி 3.0 துறை 900. டிஸ்க் வந்து வந்து மறைந்தால் முன்பக்கத் துறையை விட்டுப் பின்பக்கத்தில், ஹப் எதுவும் நடுவில் இல்லாமல் மாட்டிப் பாருங்கள்.

போர்டிலேயே நேரடியாகச் செருகும் குச்சி வடிவ எம்.2 வகையில் குழப்பம் அதிகம். ஒரே வடிவம், உள்ளே இரண்டு மொழிகள்: சாட்டா, என்விஎம்இ. சாட்டா மட்டும் புரிகிற ஸ்லாட்டில் என்விஎம்இ குச்சியைச் செருகினால் அது பொருந்தினாலும் தெரியாது. பெரும்பாலும் சாட்டா எம்.2 குச்சியில் இரண்டு வெட்டுகளும் என்விஎம்இயில் ஒரு வெட்டும் இருக்கும். ஆனால் அதை மட்டும் நம்பாமல் போர்டின் கையேட்டைப் பாருங்கள். 2280 என்பது 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். இணைப்பு வகையைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை.

எம்.2 மாட்டிய பிறகு *பழைய* டிஸ்க் காணாமல் போனால் பயந்துவிடாதீர்கள். பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் சில சாட்டா துறைகளும் ஒரே பாதையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒன்றில் மாட்டினால் மற்றது அணைந்துவிடும். சாட்டா கேபிளை வேறு துறைக்கு மாற்றுங்கள், பழையது திரும்பி வரும்.

இன்னொன்று, அபூர்வமானது. பெரிய கொள்ளளவுள்ள சில புது சாட்டா டிஸ்க்குகள், 3.3 வோல்ட் வரும் மூன்றாவது மின் ஊசியை "அணைந்திரு" என்ற கட்டளையாக எடுத்துக்கொள்ளும். பழைய மின் வழங்கி அந்த ஊசியில் எப்போதும் மின்சாரம் தருவதால் டிஸ்க் சுற்றாது. 3.3 வோல்ட் கம்பி இல்லாத, நான்கு ஊசி மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் ஒன்று போட்டால் ஓடிவிடும். அந்தக் கேபிள் வார்ப்பு வகையாக இல்லாமல், கம்பிகளைத் தனித்தனியாக அழுத்திப் பொருத்திய வகையாக இருக்கட்டும். மலிவான வார்ப்பு வகை சூடாகி உருகியதைப் பார்த்திருக்கிறேன்.

"இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று கேட்கிறது

ரத்து செய்யுங்கள். இந்தக் கேள்விக்கு ஒரு நொடி யோசிக்காமல் "சரி" கொடுத்தவர்களின் தகவல்தான் அதிகம் போயிருக்கிறது. விண்டோஸ் இங்கே சொல்ல வருவது "எனக்குப் படிக்கத் தெரியவில்லை" என்பதுதான். டிஸ்க் காலி என்று அதற்குப் பொருள் இல்லை.

காரணங்கள் பல. லினக்ஸ் அல்லது மேக் வடிவத்தில் இருந்த டிஸ்க்காக இருக்கலாம். அந்தக் கணினியில் மாட்டினால் திறக்கும். அட்டவணை சிதைந்திருக்கலாம், டெஸ்ட்டிஸ்க் உதவும், ஆனால் முதலில் முழு டிஸ்க்கின் நகலை எடுத்துக்கொண்டு அந்த நகலில் முயலுங்கள்.

மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாது, அதனால் சற்று விரிவாக. யுஎஸ்பி வெளிப்பெட்டியில் வருடக்கணக்காக நன்றாக இருந்த டிஸ்க்கை எடுத்துக் கணினிக்கு உள்ளே மாட்டியதும் ஃபார்மட் கேட்கிறது. அல்லது பெட்டியில் வைத்துக் குளோன் செய்த புது டிஸ்க் உள்ளே வந்ததும் வெறுமையாகத் தெரிகிறது. டிஸ்க்கும் தகவலும் முழுசாக இருக்கின்றன. பழைய பெட்டிகள் சில, 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை எம்பிஆர் அட்டவணையோடு ஓட்டுவதற்காக, 512 பைட் செக்டர்களை 4096 பைட் செக்டர்களாக மாற்றிக் காட்டும். பெட்டியை விட்டு வெளியே வந்ததும் டிஸ்க் தன் சொந்தக் கணக்கில் பேசுகிறது. அட்டவணையில் உள்ள எண்களெல்லாம் தவறான இடத்தைக் காட்டுகின்றன. டிஸ்க்கை மறுபடி அதே பெட்டியில் வையுங்கள், திறந்துவிடும். பிறகு அங்கிருந்து தகவலை நகலெடுங்கள். குளோனுக்கு அந்தப் பெட்டியைப் பயன்படுத்தாமல், இரண்டு டிஸ்க்கையும் நேரடியாகச் சாட்டாவில் மாட்டிச் செய்யுங்கள்.

குளோன் முடிந்தது, ஆனால் கணினி பூட் ஆகவில்லை

முதல் முறை பூட் செய்யும்போது பழைய டிஸ்க் மாட்டியிருந்ததா? அதைக் கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். குளோன் என்பது அடையாள எண்கள் உட்பட அச்சு அசல் நகல். இரண்டும் ஒன்றாக இருந்தால் எது எது என்று விண்டோஸுக்கே தெரியாது. ஒன்றை "ஆஃப்லைன்" என்று ஒதுக்கி வைக்கும். நீங்கள் அதை "ஆன்லைன்" ஆக்கினால் அதன் அடையாள எண்ணை மாற்றிவிடும். அது எம்பிஆர் வகை டிஸ்க்காக இருந்தால், பூட் பதிவு அந்த எண்ணை நம்பி இருப்பதால், பூட் ஆவதும் நின்றுவிடும். முதல் முறை பூட் செய்யும்போது புது டிஸ்க் தனியாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

தனியாக இருந்தும் "பூட் செய்ய எதுவும் இல்லை" என்று கறுப்புத் திரை வந்தால், பயாஸ் அமைப்பும் டிஸ்க்கின் அட்டவணை வகையும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். எம்பிஆர் டிஸ்க் பூட் ஆக, பயாஸில் சிஎஸ்எம் எனப்படும் பழைய முறை இயங்க வேண்டும். ஜிபிடி டிஸ்க்கில் உள்ள விண்டோஸ் யூஈஎஃப்ஐ என்ற புதிய முறையில்தான் பூட் ஆகும். புதிய கணினிகள் பலவற்றில் பழைய முறையே கிடையாது. அப்போது விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து கூடவே வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி, தகவலை அழிக்காமல் அட்டவணையை மாற்றித் தரும். அதில் முதலில் சோதனை மட்டும் செய்யும் தெரிவை ஓட்டுங்கள். அது "முடியும்" என்று சொன்ன பிறகே மாற்றத்தைச் செய்யுங்கள். மாற்றம் புது டிஸ்க்கில்தான் நடக்க வேண்டும்.

எல்லாப் பார்ட்டிஷனையும் எடுத்தீர்களா என்பது அடுத்த கேள்வி. "சி டிரைவ் மட்டும் போதும்" என்று நினைத்து அதை மட்டும் நகலெடுத்தால், முன்னால் இருக்கும் சிறிய இஎஃப்ஐ பார்ட்டிஷன் வராது. பூட் செய்யும் நிரல் அதில்தான் இருக்கிறது. மறுபடி முழு டிஸ்க்கையும் குளோன் செய்வது எளிது. அதற்கு நேரம் இல்லை என்றால் விண்டோஸ் நிறுவல் யுஎஸ்பியில் பூட் செய்து, கட்டளைத் திரையில் டிஸ்க்பார்ட் மூலம் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஓர் எழுத்துப் பெயர் கொடுங்கள். அது இல்லாவிட்டால் 260 எம்பி அளவில், ஃபேட்32 வடிவில் ஒன்றை உருவாக்குங்கள். பிறகு பிசிடிபூட் கட்டளைக்கு விண்டோஸ் கோப்புறை எங்கே, பூட் கோப்புகள் எங்கே போக வேண்டும் என்ற இரண்டையும் சொன்னால் பூட் கோப்புகளைப் புதிதாக எழுதிவிடும். கவனம்: அந்தத் திரையில் உங்கள் சி டிரைவ் டி என்றோ ஈ என்றோ தெரியலாம். உள்ளே போய் விண்டோஸ் கோப்புறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே எழுத்தைக் கொடுங்கள்.

விண்டோஸ் சின்னம் வரை வந்து "இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்ற நீலத் திரையோடு நின்றால் பூட் கோப்புகள் சரியாக இருக்கின்றன. புது டிஸ்க்கோடு பேசும் டிரைவர் நிரல் தொடக்கத்தில் ஏறவில்லை. சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறும்போது இது சகஜம். மருந்து எளிது: ஒருமுறை சேஃப் மோடில் பூட் செய்யுங்கள். பூட் சில முறை தோற்றால் மீட்புத் திரை தானாக வரும், அங்கிருந்து ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகப் போகலாம். சேஃப் மோட் தேவைப்படும் டிரைவர்களை ஏற்றிப் பதிந்துகொள்வதால், அதற்கு அடுத்த பூட் பெரும்பாலும் சாதாரணமாக வந்துவிடும். இதற்கிடையில் பயாஸில் டிஸ்க் முறையை ரெய்டு, விஎம்டி, ஏஎச்சிஐ என்று மாற்றிப் பார்த்தீர்கள் என்றால், முதலில் எது இருந்ததோ அதற்கே திருப்பி வையுங்கள். மாற்றியதுதான் நீலத் திரைக்கே காரணமாக இருக்கலாம்.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு: அதில் என்விஎம்இ டிரைவர் இயல்பாகக் கிடையாது. சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) வாங்குவதே நிம்மதி.

பிட்லாக்கர் சாவி கேட்கிறது

48 இலக்கத்தையும் கொடுத்துவிட்டால் உள்ளே போய்விடலாம். எழுதி வைக்கவில்லையா? பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, பூட் செய்து, அமைப்புகளில் சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் கணினி என்றால் அந்தக் கணக்கிலும் சேமிக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் 11-இல் நீங்கள் கேட்காமலேயே குறியாக்கம் இயங்கிக்கொண்டிருக்கலாம், அதனால் "நான் போடவே இல்லையே" என்று நினைத்துவிடாதீர்கள். என் வழக்கம், குளோனுக்கு முன் குறியாக்கத்தை முழுவதும் நீக்கிவிட்டு, புது டிஸ்க்கில் எல்லாம் சரியான பிறகு மறுபடி போடுவது. சில மணி நேரம் கூடுதலாகப் போகும், போகட்டும்.

புது டிஸ்க் பெரியது, ஆனால் பழைய அளவுதான் தெரிகிறது

1 டிபி வாங்கி 931 ஜிபி தெரிந்தால் எதுவும் தொலையவில்லை. தயாரிப்பாளர் ஆயிரங்களில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-களில் எண்ணுகிறது. 500 ஜிபி அதே கணக்கில் 465 ஆகும்.

மிச்ச இடம் "அன்அலொகேட்டட்" என்று கிடந்து, "எக்ஸ்டெண்ட்" தெரிவு மங்கலாக இருந்தால் நடுவில் ஏதோ குறுக்கே நிற்கிறது. விண்டோஸின் சொந்தக் கருவி சி டிரைவுக்கு ஒட்டி வலப்பக்கம் இருக்கும் காலி இடத்தை மட்டுமே சேர்க்கும். அந்த இடத்தில் பெரும்பாலும் மீட்புப் பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும். ஜிபார்ட்டெட் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து அதை டிஸ்க்கின் கடைசிக்கு நகர்த்திவிட்டு, சி டிரைவை நீட்டுங்கள். நகர்த்தும்போது மின்சாரம் போகக் கூடாது, மடிக்கணினி என்றால் சார்ஜரில் இருக்கட்டும். பிறகு விண்டோஸில் ரீஏஜென்ட்சி கருவியால் மீட்பு வசதி இன்னும் இயங்குகிறதா என்று பாருங்கள். அணைந்திருந்தால் அதே கருவியால் மறுபடி இயக்கலாம்.

2 டிபிக்கு மேல் உள்ள பகுதி எதற்குமே வரவில்லை என்றால் டிஸ்க் எம்பிஆரில் இருக்கிறது. 512 பைட் செக்டரில் எம்பிஆரின் எல்லை அதுதான். ஜிபிடிக்கு மாற்றுங்கள்.

புது டிஸ்க் பழையதைவிடச் சிறியது, குளோன் மறுக்கிறது

500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 480 ஜிபி எஸ்எஸ்டிக்குப் போகிறவர்கள் எல்லோரும் இங்கே வந்து நிற்பார்கள். உள்ளே 150 ஜிபிதான் இருக்கிறது என்றாலும், குளோன்ஸில்லா இயல்பு நிலையில் பார்ட்டிஷனின் மொத்த அளவைப் பார்த்து மறுக்கும். பழைய டிஸ்க்கில் எழுதாதீர்கள் என்ற விதிக்கு, குறியாக்கத்தை நீக்குவதைப் போலவே, இங்கேயும் ஒரு விலக்கு வருகிறது, தனி பேக்கப் எடுத்த பிறகு: டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்க வேண்டும். கொஞ்சம்தான் சுருங்குகிறது என்றால் நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் இருக்கின்றன. ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, மறுபடி பூட் செய்து முயலுங்கள். பழைய டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கை மோசமாக இருந்தால் சுருக்கும் வேலையே வேண்டாம். பெரிய டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கி அதில் நகலெடுத்துவிட்டு, அந்த நகலைச் சுருக்குங்கள்.

புது டிஸ்க் மெதுவாக இருக்கிறது

குளோன் நேரத்தைப் பற்றிய கவலை என்றால், யுஎஸ்பி 2.0 வழியாக நொடிக்கு 35 எம்பி அளவில்தான் போகும். 500 ஜிபிக்கு நான்கு மணி நேரம் ஆவது இயல்பு. முதலில் வேகமாகப் போய்ப் பிறகு சட்டென்று விழுந்தால், எஸ்எஸ்டியின் வேகமான தற்காலிகப் பகுதி நிறைந்திருக்கும், அல்லது டிஸ்க் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று நெருக்கி எழுதும் எஸ்எம்ஆர் வகையாக இருக்கும். இரண்டும் பழுது இல்லை, பொறுத்திருங்கள்.

முடிந்த பிறகும் மெதுவாக இருந்தால் பார்ட்டிஷனின் தொடக்கத்தைப் பாருங்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து டிஸ்க்குகளில் அது 63-ஆவது செக்டரில் ஆரம்பிக்கும்; குளோன் அதையும் அப்படியே கொண்டுவரும். 4096 பைட்டுகளாக எழுதும் டிஸ்க்கில் ஒவ்வொரு முறை எழுதுவதும் இரண்டு கட்டங்களின் மேல் விழும். 2048-ஆவது செக்டரில், அதாவது 1 எம்பியில், தொடங்குமாறு மாற்ற வேண்டும்.

கோப்பு இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை

குளோன் செய்யாமல், புது விண்டோஸ் போட்டுவிட்டுக் கோப்புகளை மட்டும் நகலெடுத்தவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். "அனுமதி இல்லை" என்றால் கோப்புகள் பழைய விண்டோஸின் பயனர் பெயரில் இருக்கின்றன. நிர்வாகி உரிமையோடு உரிமையாளரை மாற்றினால் திறக்கும். சில கோப்புகள் நகலாகவே இல்லை என்றால் பாதையின் நீளத்தைப் பாருங்கள். கோப்புறைக்குள் கோப்புறை என்று போய் 260 எழுத்தைத் தாண்டினால் எக்ஸ்ப்ளோரர் தடுமாறும், விண்டோஸின் ரோபோகாப்பி கட்டளை தடுமாறாது. மின்னஞ்சல், உலாவிக் குறிப்புகள் வரவில்லை என்றால் அவை ஆப்டேட்டா என்ற மறைந்த கோப்புறையில் இருக்கின்றன. ஒன்டிரைவ் படங்கள் பெயர் மட்டும் தெரிந்து திறக்காவிட்டால், அவை அந்த டிஸ்க்கில் முழுதாக இல்லை, இணையச் சேமிப்பில்தான் இருக்கின்றன. கணக்கில் நுழைந்து இறக்கிக்கொள்ளுங்கள்.

படங்கள் பாதி சாம்பல் நிறமாகத் திறந்தால் நிலைமை வேறு. பழைய டிஸ்க்கில் அதே படத்தைத் திறந்து பாருங்கள். அங்கேயும் பாதி என்றால் கெட்ட செக்டர். அங்கே நன்றாக இருந்தால் புது டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலி டிஸ்க்குகள் இருக்கின்றன. உண்மையான எல்லையைத் தாண்டி எழுதியதெல்லாம் காற்றில் போய்விடும், பிழைச் செய்தியும் வராது. எஃப்3 என்ற கருவி டிஸ்க்கை முழுக்க நிரப்பி மறுபடி படித்துப் பார்த்துச் சொல்லும். அதைக் குளோனுக்கு முன், காலியாக இருக்கும்போதே செய்வதுதான் சரி.

லினக்ஸ்: பூட் ஆக ஒன்றரை நிமிடம் காத்திருக்கிறது

எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் இருக்கும் பழைய யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாளம்) எண்ணை லினக்ஸ் தேடிக்கொண்டிருக்கிறது. லினக்ஸைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி நிரல், இப்போது அங்கே இல்லாத அந்த டிஸ்க்குக்காக 90 நொடி காத்திருக்கும். புது எண்ணை எழுதினால் தீரும். பூட்டே ஆகவில்லை என்றால் லைவ் யுஎஸ்பியில் நுழைந்து, சிஎச்ரூட் கட்டளையால் புது டிஸ்க்கில் உள்ள லினக்ஸுக்குள் போய், கிரப் என்ற பூட் நிரலை மறுபடி நிறுவுங்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது, பழைய டிஸ்க்கை எப்போது அழிக்கலாம்?

நான் குறைந்தது ஒரு மாதம் வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் கோப்புறை காணவில்லை என்பது முதல் வாரத்தில் தெரியாது. அந்த மாதத்தில் கணக்கு மென்பொருள், பழைய மின்னஞ்சல், படங்களின் மிகப் பழைய கோப்புறை ஆகியவற்றை வேண்டுமென்றே திறந்து பாருங்கள். வீட்டில் அந்தக் கணினியைப் பயன்படுத்தும் மற்றவர்களிடமும் கேளுங்கள். அவர்கள் எங்கே எதை வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

பிறகு அழிப்பதானால், சுழலும் டிஸ்க்கை ஒருமுறை முழுக்கப் பூஜ்ஜியங்களால் நிரப்பினால் போதும். எஸ்எஸ்டிக்கு அந்த முறை போதாது. உள்ளே ஒதுக்கி வைக்கப்பட்ட பகுதிகளை அது தொடாது, தயாரிப்பாளரின் கருவியில் உள்ள செக்யூர் இரேஸ் தெரிவைப் பயன்படுத்த வேண்டும். அதைத் தொடங்கும் முன்பும் சீட்டில் உள்ள நான்கு இலக்கங்களைத் திரையோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் புது டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, பழையதை மட்டும் மாட்டி அழியுங்கள்.